ஜெர்மன்காரியின் தொண்டையில் துணி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு, அருள்புரத்தில் பனியன் கம்பெனி நடத்தும் ராஜவேல், ரைஃபிள் கிளப்பின் ஒரே ஜெர்மன் துப்பாக்கியைத் துடைக்கப் போய், அதன் குழலுக்குள் ஒரு துண்டு ஃப்ளீஸ் துணியை அடைத்துவிட்டான்.

பித்தளைக் கம்பியின் நுனியில் துணியைச் சுற்றி, குழலின் பின்பக்கமாக உள்ளே விட்டான். பாதி தூரம் வரை அது தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சொகுசாகத்தான் போயிற்று. பாதியில் நின்றது. தள்ளினான். முன்னைவிட நன்றாக நின்றது. இழுத்தான். கம்பி மட்டும் வெளியே வந்தது. குண்டு வெடிக்க வைக்கிற போல்ட் கழற்றி வெளியேதான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, குழலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். வழக்கமாக மறுமுனையில் காசு அளவுக்கு வானம் தெரியும். இப்போது கும்மிருட்டு.

கிளப் செயலாளர் அர்த்தநாரி எழுந்து வந்தார். குன்னத்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற, அறுபது தாண்டிய மனிதர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு, "பரவால்லீங்க, யாருக்கும் நடக்கறதுதானுங்களே" என்றார். முப்பது வருடக் கிளப் சரித்திரத்தில் அது யாருக்கும் நடந்ததில்லை என்று அவருக்கும் தெரியும், ராஜவேலுக்கும் தெரியும், சுவரில் மாட்டியிருந்த பழைய செயலாளர்களின் போட்டோக்களுக்கும் தெரியும்.

அடுத்து கோச் வர்ஷினி வந்தாள். இருபத்தாறு வயதுப் பெண். கல்லூரிக் காலத்தில் தேசியப் போட்டி வரை போய்ச் சுட்டவள். துப்பாக்கியை அவன் கையிலிருந்து பச்சைக் குழந்தையை வாங்குவது போல வாங்கி, குழல் வாயில் எண்ணெயை ஊற்றி, மூலையில் நிமிர்த்திச் சாய்த்து வைத்தாள். "ரெண்டு மூணு மணி நேரம் ஊறட்டுங்கண்ணா. எடுத்துரலாம்" என்றாள்.

ஊறுவதற்கு நேரம் இருந்தால் பிரச்சினை இல்லை. அன்றைக்குத்தான் தேர்வு. மாநிலப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து யார் போவது என்பதற்கு, ஐம்பது மீட்டரில் படுத்தபடி அறுபது குண்டு சுட வேண்டும். குண்டுக்குப் பத்துப் புள்ளி, மொத்தம் அறுநூறு. குறைந்தது ஐந்நூற்று அறுபத்தைந்து எடுத்தால்தான் பெயர் போகும். சாயங்காலம் ஆறு மணிக்குள் பட்டியலை அனுப்பியாக வேண்டும். சுடுகிற இடமான ரேஞ்ச் பதினொன்றரை வரைதான் கிளப்புக்கு; அதன்பிறகு வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

அந்த ஜெர்மன் துப்பாக்கி அந்தப் பருவம் முழுக்க ஒரே ஒருவரின் உடம்புக்காகத் திருகி அமைக்கப்பட்டிருந்தது. கன்னம் வைக்கிற கட்டையின் உயரம், தோளில் படுகிற தட்டின் நீளம் என்று ஒவ்வொரு திருகிலும் அந்த ஒருவரின் அளவுதான். அந்த ஒருவர், ராஜவேலின் மனைவி ஜெயசுதா.

இதை யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. கொங்குச் சீமையில் ஒருத்தன் வீடு தீப்பிடித்து எரிந்தாலும் "கொஞ்சம் சூடா இருக்குதுங்களே" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். ஆனால் அங்கிருந்த ஒவ்வொருவரும் தங்கள் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டார்கள் என்பது ராஜவேலுக்குத் தெரிந்தது. ஃப்ளீஸ் என்றால் உள்பக்கம் பிரஷ் அடித்துப் பொசுபொசுவென்று ஆக்கின துணி. தொட்டாலே பஞ்சு உதிரும். இறுக்கமான இடத்தில் திரண்டு அடைத்துக்கொள்ளும். இருபத்தைந்து வருடமாக அதையே வெட்டி, தைத்து, ஏற்றுமதி செய்து சோறு சாப்பிடுகிற ஒருத்தனுக்கு, அதைச் சுண்டுவிரல்கூட நுழையாத ஓட்டைக்குள் விடக்கூடாது என்று தெரியாதா?

மெத்தென்று இருந்தது, அதனால் எடுத்தேன் என்று ராஜவேல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவனே அதை நம்புகிற மாதிரி இல்லை.

*

ஒரு வருடத்துக்கு முன்னால், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், கம்பெனியைத் தவிர வேறு ஏதாவது ஒன்றில் மனசை வைக்கச் சொன்னார். சக தொழிலதிபர்கள் சிலர் பேட்மிண்டன் ஆடினார்கள், சிலர் சைக்கிள் ஓட்டினார்கள். இரண்டிலும் மூச்சு வாங்கும். படுத்துக்கொண்டே செய்கிற விளையாட்டு ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ராஜவேலுக்கு அதன் மேல் தனி மரியாதை வந்தது. நாற்பது வீடியோ பார்த்தான். கிளப்பில் குடும்பமாகச் சேர்ந்தால் ஒரே படிவம் போதும் என்றார்கள். ஜெயசுதாவின் பெயரையும் எழுதிவிட்டான். அவள் வரமாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் எழுதினான்.

அவள் வந்தாள். கம்பெனியில் செக்கிங் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. விளக்குப் போட்ட மேஜையில் துணியை விரித்து, ஓட்டை, கறை, நூல் தவறியது எல்லாம் கண்டுபிடிக்கிற வேலை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று, சின்ன ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பவள். இதன் ஆபத்தை ராஜவேல் அப்போது உணரவில்லை.

முதல் நாள் துப்பாக்கி தேர்ந்தெடுக்கிற படலம். கிளப்பில் பெரியவர்களுக்குப் பொருந்துகிற மாதிரி இரண்டுதான் இருந்தன. ஒன்று ஜெர்மன்காரி, புதுசு, நீல நிற அலுமினிய உடம்பு, எங்கே தொட்டாலும் ஒரு திருகு. இன்னொன்றுக்குப் பெயரே பழசு. மரக்கட்டை, வார்னிஷ் போனது, வர்ஷினியைவிட வயதில் மூத்தது. ராஜவேல், துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு அனுப்பும் சாம்பிளைப் பார்க்கிற மாதிரி ஜெர்மன்காரியைத் தடவினான், தூக்கினான், ஓரத்தில் நகத்தால் சுரண்டி ஃபினிஷிங் பார்த்தான். இதுதான் வேணும் என்றான்.

அழகு பார்த்து எடுக்கிறதில்லைங்கண்ணா என்று வர்ஷினி சொன்னாள். படுத்து, துப்பாக்கியைத் தோளில் பொருத்தி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். உடம்பைத் தளர்த்தி, கன்னத்தைக் கட்டைமேல் சும்மா போட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தால், பின்பக்கத்துச் சின்ன ஓட்டையின் நட்டநடுவில் முன்பக்கத்து வளையம் தெரிய வேண்டும். தேடக்கூடாது, தானாகத் தெரிந்தால் அது உங்கள் துப்பாக்கி.

ராஜவேல் கண்ணைத் திறந்தான். அரை நிலா மாதிரி ஒரு கறுப்பு தெரிந்தது. கழுத்தை நீட்டி, தாடையைத் தூக்கி, வளையத்தைத் தேடிப் பிடித்து, தெரியுது தெரியுது என்றான். வர்ஷினி திருகுகளை எல்லாம் திருப்பிப் பார்த்தாள். அவனுடைய நீளக் கழுத்துக்கும், தேடுகிற சுபாவத்துக்கும் அந்தத் துப்பாக்கி ஒத்து வரவில்லை. அடுத்து ஜெயசுதா படுத்தாள். கண்ணைத் திறந்தாள். "வட்டத்துக்குள்ள வட்டம், அதுக்குள்ள கறுப்பு வட்டம். மூணும் அசையாம நிக்குதுங்க" என்றாள்.

அப்புறம் பத்துக் குண்டு சுட்டாள். வர்ஷினி அந்த இலக்கு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அர்த்தநாரியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பத்து ஓட்டையும் ஒரு சட்டைப் பொத்தானில் அடங்கியது. ராஜவேலின் பத்து, ஒரு முழுச் சட்டைக்குப் பொத்தான் வைத்த மாதிரி மேலிருந்து கீழ் வரை இறங்கியிருந்தது.

திருகுகளின் இடத்தை மறக்காமல் இருக்க, ஜெயசுதா தன் கைப்பையிலிருந்து டெய்லர் சாக்பீஸை எடுத்து ஜெர்மன்காரியின் உடம்பில் கோடு போட்டாள். ராஜவேலுக்குப் பழசு வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து அவன் வயிற்றில் ஒன்று எரியத் தொடங்கியது. டாக்டரின் மாத்திரைப் பட்டியலில் அதற்கு மருந்து இல்லை. வர்ஷினி ஜெயசுதாவிடம் ஒரு காலையில் எத்தனை முறை "சூப்பருங்கக்கா" சொல்கிறாள், தன்னிடம் எத்தனை முறை "பரவால்லைங்கண்ணா" சொல்கிறாள் என்று எண்ணினான். பதினொன்றுக்கு மூன்று. கோவையில் படிக்கிற மகள் தேஜஸ்ரீ, அம்மாவின் அட்டையை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்தாள்; அப்பா தன் அட்டையை அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வந்தது. மனைவியின் கண்ணாடியைப் புதுப்பிக்கப் போன இடத்தில், பவர் கூடியிருக்கிறதா என்று கண் டாக்டரிடம் இவன் ரொம்ப அக்கறையாகக் கேட்டான். கூடவில்லை என்றதும் முகம் வாடியது. அவளுக்கு முழங்கை வலித்த வாரத்தில் அவனே தைலம் தேய்த்துவிட்டான். தேய்க்கும்போது, வலி அதிகமாகத்தான் இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டான்.

சுடும்போது போடுகிற விறைப்பான கோட்டை வெளியே வாங்குவானேன், திருப்பூர்க்காரனுக்கு அது கேவலம் என்று, கம்பெனியிலேயே தனக்கொன்று தைத்தான். கேன்வாஸுக்குப் பதில் மூன்று நூல் ஃப்ளீஸைக் கொடுத்து, மணிக்கட்டில் இறுக்கிப் பிடிக்கிற ரிப் பட்டை வைத்தான். அது கோட்டாக வரவில்லை. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் நாயோடு நடக்கப் போகிறவர் போடுகிற சட்டையாக வந்தது. சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு படுத்து எழுந்தால், படுத்த இடத்தில் ஆள் வடிவத்தில் ஈரம் இருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஒரே ஒரு சொல். பழசு. ஐந்நூற்று இருபது எடுத்தால், பழசுங்க, அதுல இவ்வளவுதான் வரும். ஐந்நூற்று நாற்பத்தொன்று எடுத்த அந்த ஒரு பொன்னான ஞாயிற்றுக்கிழமை, பழசுலயே இவ்வளவுங்க. ஜெர்மன்காரியைக் கொடுத்தால் நானும் காட்டுவேன் என்று அவன் சொல்லாத ஆள் கிளப்பில் இல்லை. சாப்பிடும்போது சொன்னான். காலில் சாக்ஸ் மாட்டும்போது சொன்னான். ஜெயசுதா, "பாக்கலாமுங்க" என்பாள். நான் தேறுவேனா என்று வர்ஷினியைக் கேட்டால், "வரும்ங்கண்ணா, டைம் எடுக்கும்" என்பாள். அர்த்தநாரியைக் கேட்டால், "உங்களுக்கென்னங்க" என்பார். ஒரு வருடத்தில் அவனுக்கு நேரான பதில் சொன்னது அட்டை ஒன்றுதான். அதைத்தான் அவன் நம்பவில்லை.

*

எண்ணெய் ஊறிக்கொண்டிருந்த நேரத்தில், வர்ஷினி ஜெயசுதாவைத் தனியாக அழைத்துப் பேசினாள். மாநிலச் சங்கத்துக்குப் போன் பண்ணி ஒரு வாரம் தவணை கேட்டுப் பார்க்கலாம், கொடுப்பார்களா தெரியாது, கொடுக்காவிட்டால் அடுத்த வருடம்தான். ராஜவேல் பத்தடி தள்ளி, காதை மட்டும் அங்கே வைத்துவிட்டு நின்றான்.

வேண்டாம் என்று ஜெயசுதா சொன்னாள். அவர் சுட்டு முடித்ததும் நான் பழசிலேயே சுடுகிறேன் என்றாள்.

ராஜவேலின் வயிற்று எரிச்சல் ஒரு நொடி அணைந்து, வேறு மாதிரி பற்றிக்கொண்டது. பழசில் அவளால் முடியாது. முடியக்கூடாது. முடியாவிட்டால் அவள் மாநிலப் போட்டிக்குப் போக முடியாது. அதற்குக் காரணம் அவன் அடைத்த துணி. முடிந்துவிட்டால், ஒரு வருடமாக அவன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது என்னாவது? எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி அவனுக்குத்தான் என்று தெரிந்தது. இருந்தாலும், எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று மனசு வேண்டிக்கொண்டது என்பதை அவன் சென்னிமலை முருகனிடம்கூட ஒத்துக்கொள்ளமாட்டான்.

முதலில் அவன் படுத்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம் பக்கத்தில் ஆனி ஆடி மாதங்களில் நிற்கவே நிற்காது. பாதி தூரத்தில் நட்டிருந்த சின்னத் துணிக்கொடிகள் படபடத்தன. ராஜவேல் கொடியைப் பார்த்தான்; ஆனால் கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிற அவசரத்திலேயே வளர்ந்த ஆள், காத்திருப்பது அவன் ரத்தத்தில் இல்லை. ஒரு குண்டு வலது பக்கம் போனால், குறிபார்க்கிற ஓட்டையின் திருகை இடது பக்கம் ஒரு கிளிக் திருப்பினான். அடுத்தது இடது பக்கம் போனால் வலது பக்கம் இரண்டு கிளிக். குண்டு எங்கே போகிறதோ அதன் பின்னாலேயே ஓடினான். கம்பெனியிலும் அப்படித்தான், பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தால் எல்லா மெஷினுக்கும் நூல் டென்ஷனை மாற்றுவான். ஐம்பது நிமிடம் கொடுத்திருந்தார்கள். முப்பத்தொரு நிமிடத்தில் அறுபதையும் சுட்டு முடித்து எழுந்தான்.

ஐந்நூற்று முப்பத்தெட்டு.

"காத்துங்க இன்னைக்கு" என்றார் அர்த்தநாரி. ராஜவேல் நன்றியோடு தலையாட்டி, "பழசு வேற" என்று சேர்த்துக்கொண்டான்.

பிறகு ஜெயசுதா வந்தாள். பழசின் பின்னால் தோளில் படுகிற இடத்தில் அவன் நீளக் கைக்காக வைத்திருந்த ரப்பர் தகடுகளில் இரண்டைக் கழற்றினாள். கன்னக்கட்டையில் ஒரு திருகும் கிடையாது. கன்னத்தை அதற்குத் தகுந்தபடி வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். பாயில் படுத்து, கண்ணை மூடித் திறந்து, இடுப்பை ஒரு விரற்கடை நகர்த்தினாள். திரும்ப மூடித் திறந்தாள். ராஜவேலுக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அட்டையைப் பார்க்கிற தொலைநோக்கிக்குப் பின்னால் தானே போய் உட்கார்ந்துகொண்டான்.

கணக்கில் சேராத சோதனைக் குண்டுகள் எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். அவன் நாலு சுட்டிருந்தான். அவள் ஐந்து சுட்டாள். ஒரு திருகையும் தொடவில்லை. ஐந்தும் கீழே இடது பக்கம் கூட்டமாக விழுந்திருந்தன. எழுந்து தொலைநோக்கியில் வந்து பார்த்துவிட்டு, திரும்பப் போய்ப் படுத்து, ஒரே தரத்தில் இரண்டு திருகையும் திருப்பினாள். கிளிக் கிளிக் என்று அவனும் எண்ணினான், ஏழு. இன்னும் ஐந்து சுட்டாள். இப்போது நடுவில்.

அப்புறம் காத்திருந்தாள். விரலை வெளியே வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கி, கொடியைப் பார்த்தாள். செக்கிங் ஹாலில் ஃபேன் காற்றில் நூல் பறக்கிறபோது, அது அடங்கட்டும் என்று துணியைத் தொடாமல் நிற்பாளே, அதே முகம். கொடி ஒரு குறிப்பிட்ட அளவுக்குச் சாய்ந்ததும் கன்னம் இறங்கியது. டப். பத்து.

பத்து. பத்து. ஒவ்வொன்றும் ராஜவேலின் நெஞ்சில் பொத்தான் தைக்கிற ஊசி மாதிரி இறங்கியது. ஏழாவது குண்டு ஒன்பதில் விழுந்தது. அவனுக்குள் யாரோ மைசூர்பாகு கொடுத்த மாதிரி இருந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் வெட்கமாகப் போயிற்று. யாராவது பார்த்தார்களா என்று திரும்பினான். வர்ஷினி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் நாகரிகமாகக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாவது அட்டையில் காற்று வேகம் எடுத்தது. ஒரு எட்டு விழுந்தது. இந்த முறை இனிப்பு வரவில்லை. அவள் எழுந்துவிடுவாளோ, விட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. இருபத்தைந்து வருடம் அவளோடு குடித்தனம் நடத்துகிறான்; ஒன்றை அவள் இவ்வளவு வேண்டும் என்று கேட்டு அவன் பார்த்ததில்லை. இப்போதும் அவள் கேட்கவில்லை. படுத்துக்கொண்டு, காற்று தான் நினைத்த இடத்துக்கு வரட்டும் என்று முழுசாக நான்கு நிமிடம் அசையாமல் கிடந்தாள். அப்போது அவளுடைய கட்டைவிரல் நகத்தில் சாக்பீஸ் ஒட்டியிருப்பது அவனுக்குத் தெரிந்தது. தொலைநோக்கியை விட்டுவிட்டு அந்த நகத்தையே பார்த்தான்.

நாற்பத்தொன்பதாவது நிமிடத்தில் கடைசிக் குண்டைச் சுட்டாள்.

வர்ஷினி ஆறு அட்டையையும் இரண்டு தரம் கூட்டினாள். ஐந்நூற்று எழுபத்து நான்கு.

அதே துப்பாக்கி, அதே பெட்டிக் குண்டு, அதே காற்று. அர்த்தநாரி கைதட்டினார், பாதியில் ராஜவேலைப் பார்த்து நிறுத்தினார், நிறுத்தியது மரியாதையாக இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும், மறுபடியும் தட்டினார். ராஜவேலும் தட்டினான். தட்டிக்கொண்டே, பழசு என்ற சொல்லை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசித்தான்.

*

பதினோரு மணிக்கு வர்ஷினி ஜெர்மன்காரியை மேஜைமேல் கிடத்தினாள். தட்டை முனை வைத்த கம்பியைப் பின்பக்கமாக விட்டு, மரச் சுத்தியால் மெள்ள மெள்ளத் தட்டினாள். எண்ணெயில் ஊறிய ரோஸ் நிறத் துணி, நீளமான புழு மாதிரி, குழல் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்த்து, பொத்தென்று மேஜையில் விழுந்தது. வர்ஷினி விளக்கை வைத்துக் குழலைப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை, பளிச்சென்று இருக்கிறது என்றாள்.

எல்லோரும் அந்தத் துணியைச் சுற்றி நின்றார்கள். ஏதாவது பேசியாக வேண்டும் என்று அர்த்தநாரிக்குப் பட்டது. இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பிடித்து, "நல்ல துணிங்க. எத்தன ஜி.எஸ்.எம்.ங்க இது?" என்று கேட்டார்.

"முந்நூத்தி இருபது. உள்ள பிரஷ் அடிச்சது" என்றான் ராஜவேல், தொழில் பழக்கத்தில்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. கனமும் தெரியும், பிரஷ்ஷும் தெரியும், அப்புறம் என்னதான் தெரியாது? அர்த்தநாரி துணியை மேஜையில் வைத்துவிட்டு, "நெம்ப வெயிலாயிருச்சுங்க, பாத்துப் போங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். வர்ஷினி பட்டியலில் ஜெயசுதாவின் பெயரை எழுதப் போய்விட்டாள்.

கார் நிறுத்தியிருந்த வேப்பமரத்தடிக்கு அவன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். அது அவளுடைய பாய்; அவளுடைய கோட்டும் அவன் தோளில்தான் கிடந்தது. ஜெயசுதா முன்னால் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள். தேஜஸ்ரீக்குப் போன் போட்டு, ஆமாடி கண்ணு, எழுபத்து நாலு, ஆமா, அப்பாவும் சுட்டாங்க, நல்லாத்தான் சுட்டாங்க என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ராஜவேல் சாவியைப் போட்டான். திருப்பவில்லை.

அவனுக்கு வேண்டியது ஒரு "ச்சே ச்சே". அதைச் சொன்னால் போதும், அருள்புரம் வரை நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அவள் அதைச் சொல்கிற பெண்தான். கல்யாணமான புதிதில் அவன் போட்ட முதல் ஆர்டர் முழுக்கச் சாயம் போய்த் திரும்பி வந்தபோதும் அவள் "ச்சே ச்சே, உங்க தப்பில்லீங்க" என்றுதான் சொன்னாள். அந்தத் தைரியத்தில் கேட்டான்.

"ஏன் சுதா, நான் வேணும்னே பண்ணுனேன்னு நெனைக்கறயா?"

"ஆமாங்க" என்றாள்.

அவன் அவள் பக்கம் திரும்பினான். அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபம் இல்லை. செக்கிங் மேஜையில், இது தேறாது, தள்ளி வை என்று சொல்கிற அதே குரல்.

"தொடைக்கற துணி வெச்ச பைக்குள்ள கைய வுட்டீங்க. மேலயே வெள்ளைத் துணி இருந்துச்சு, எப்பவும் தொடைக்கறது. அத எடுத்தீங்க. சித்த நேரம் கைல வெச்சிருந்தீங்க. பொறவு அத வெச்சுப்போட்டு அடியில கெடந்த ரோஸ உருவுனீங்க. நான் பின்னாலதான் தண்ணி புடிச்சுட்டு நின்னேன்."

"பாத்தயா?"

"பாத்தனுங்க."

அவன் சாவியிலிருந்து கையை எடுத்தான். "பாத்துட்டு ஏன் ஒண்ணும் சொல்லல? ஒரு சத்தம் போட்டிருந்தா நிறுத்தியிருப்பனே."

ஜெயசுதா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கண்ணாடிக்குள்ளிருந்து அவனை நேராகப் பார்த்தாள்.

"ஒரு வருசமா பழசு பழசுன்னு சொல்லிட்டே இருந்தீங்க. எனக்கும் ஒருக்கா பழசுல படுத்து அடிச்சுப் பாக்கோணும்னு இருந்துச்சுங்க. நீங்க பக்கத்துல உக்காந்து பாக்கறப்ப."